உலை இருந்தால் கப்பல் ஓடுமா?

2012 செப்டம்பரில் ரஷ்யாவில் ஒரு விமானந்தாங்கிக் கப்பல் முழு வேகச் சோதனைக்குப் போனது. இந்தியா வாங்கிச் செவெரோத்வின்ஸ்க் தளத்தில் புதுப்பித்துக்கொண்டிருந்த பழைய ‘அட்மிரல் கோர்ஷ்கோவ்’ அது; இன்றைய ஐ.என்.எஸ். விக்ரமாதித்யா. அதன் எட்டு பாய்லர்களில் ஏழு அந்தச் சோதனையில் பழுதாயின. கோளாறு உள்ளிருந்த வெப்பக் காப்பில். கல்நார் வேண்டாம் என்று இந்தியா சொல்லியிருந்தது. அதற்கு மாற்றாக வைத்த தீச்செங்கல் சூடு தாங்கவில்லை. 44,500 டன் கப்பல் செங்கல் கோளாறால் மேலும் ஓராண்டு தாமதப்பட்டு, 2013 நவம்பர் 16 அன்றுதான் நம் கடற்படையில் சேர்ந்தது.

திருச்சியில் பெல் பாய்லர் ஆலை இருக்கும் கைலாசபுரத்துக்காரர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. பாய்லர் எங்கே தோற்கும் என்பதை அறுபது ஆண்டுகளாகக் கையால் தொட்டு அறிந்த ஊர் அது. பெரிய உருளையும் தடித்த தகடும் அநேகமாகத் தாங்கிவிடும். தோற்பது கேஸ்கட், வால்வு, செங்கல், ஒரு பற்றவைப்பு.

அந்த அறிவை இன்னும் பெரிய கேள்வி ஒன்றின் மேல் வைத்துப் பார்க்க வேண்டிய நேரம் வந்திருக்கிறது. அணுசக்தியில் ஓடும் விமானந்தாங்கி இந்தியாவுக்கு வேண்டும் என்ற பேச்சு இருபதாண்டாகவே உண்டு. 2025 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்ட 15 ஆண்டுத் தொழில்நுட்பத் திட்ட வரைவில் போர்க்கப்பல்களுக்கான அணு உந்துவிசையும் விமானங்களை ஏவும் மின்காந்தப் பொறியும் இடம்பெற்றபின் பேச்சு சூடுபிடித்தது. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரி 20 அன்று திருச்சியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் ஐந்து மையங்களில் திருச்சியும் ஒன்று. எனவே துவாக்குடியிலும் திருவெறும்பூரிலும் இந்தச் செய்தி ஆர்டர் வரும் நம்பிக்கையாகவே வாசிக்கப்படுகிறது. அந்த நம்பிக்கைக்கு அடித்தளம் உண்டா? அணுசக்தி விமானந்தாங்கிக்கு உதிரிப் பாகமும் தளவாடமும் தொடர்ந்து கொடுக்க நம்மால் முடியுமா? முடியும் என்றாலும் அந்தக் கப்பலை இப்போது கேட்பது சரியா?

முதலில் அணு உலை எதை மிச்சப்படுத்துகிறது என்று பார்ப்போம். கப்பலை நகர்த்தும் எரிபொருளை மிச்சப்படுத்துகிறது, அது மட்டுமே. விமானங்கள் உலையில் பறப்பதில்லை. அமெரிக்காவின் நிமிட்ஸ் வகைக் கப்பல் ஒரு கோடி லிட்டருக்கு மேல் விமான எரிபொருள் சுமக்கிறது. போர்க்காலப் பறப்பில் அது சில நாட்களில் கரையும். அங்கே ஏறத்தாழ 5,000 பேர் வாழ்கிறார்கள். நாளொன்றுக்கு 15,000 சாப்பாட்டுக்கு மேல் சமைக்கிறார்கள். குண்டு, ஏவுகணை, விமானச் சக்கரம், தளத்தில் இறங்கும் விமானத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பி வடம், மருந்து, அரிசி எல்லாம் வெளியிலிருந்து வர வேண்டும். கூடவே வரும் நாசகாரிகள் டீசலிலோ எரிவாயுச் சுழலியிலோ ஓடுபவை; அவற்றுக்கும் எண்ணெய் வேண்டும். ஆகவே உலை பொருத்திய கப்பலும் சில நாட்களுக்கு ஒருமுறை விநியோகக் கப்பலோடு பக்கவாட்டில் கயிறு கட்டி நிற்கிறது. இந்தியக் கடற்படைக்காக விசாகப்பட்டினம் இந்துஸ்தான் கப்பல்கட்டுந்தளத்தில் ஐந்து விநியோகக் கப்பல்கள் கட்ட 2023 ஆகஸ்டில் சுமார் 19,000 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தமானது. விமானந்தாங்கி எந்த எரிபொருளில் ஓடினாலும் அந்த ஐந்தும் வேண்டும். ‘வரம்பற்ற தூரம்’ என்ற சொல்லைக் கேட்டு மயங்குபவர்கள் இந்த ஐந்து கப்பல்களை நினைவில் வைக்க வேண்டும்.

இனி உலை கூட்டுகிற சுமை. இதற்குப் பிரான்ஸின் ‘சார்ல் த கோல்’ கப்பலை விடச் சிறந்த பாடம் இல்லை. அமெரிக்காவுக்கு வெளியே அணுசக்தியில் ஓடும் விமானந்தாங்கி உலகில் அது ஒன்றுதான். நமக்கு அது மிக நெருக்கமான ஒப்பீடும்கூட. நீளம் 261 மீட்டர், எடை சுமார் 42,000 டன். கொச்சியில் கட்டி 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் சேர்ந்த நம் புதிய விக்ராந்த் 262 மீட்டர், 45,000 டன். ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரு கப்பல்கள். ஒன்றில் இரண்டு உலைகள், மற்றதில் நான்கு எல்.எம். 2500 எரிவாயுச் சுழலிகள்.

2000 நவம்பரில் அட்லாண்டிக் கடலில் சோதனை ஓட்டத்தின்போது சார்ல் த கோலின் ஒரு சுழல்விசிறியின் இதழ் முறிந்து விழுந்தது. உலைகள் இரண்டும் நன்றாகவே இருந்தன. கப்பல் துலோன் துறைமுகத்துக்குத் திரும்பியது. ஆராய்ந்தபோது வார்ப்பிலேயே குறை இருப்பது தெரிந்தது. அவற்றைச் செய்த நிறுவனம் அதற்குள் மூடப்பட்டுவிட்டது. வடிவமைப்பு ஆவணங்கள் தீ விபத்தில் அழிந்திருந்தன. புதிதாகச் செய்ய வரைபடம் இல்லை, கேட்க ஆள் இல்லை. கடைசியில் ‘கிளெமான்சோ’, ‘ஃபோஷ்’ என்ற பழைய விமானந்தாங்கிகளுக்காக வைத்திருந்த உபரி விசிறிகளை எடுத்து மாட்டினார்கள். மணிக்கு 27 கடல்மைல் வேகக் கப்பல் 24, 25ஐத் தாண்ட முடியாமல் ஆனது. 2001 இறுதியில் ஆப்கானிஸ்தான் போருக்காக அரபிக்கடலுக்கு வந்தபோதும் அந்தப் பழைய விசிறிகளோடுதான் வந்தது. புது விசிறி கிடைத்தது 2007, 2008இல் நடந்த பெரிய பராமரிப்பின்போது. உலகின் முன்னணி அணுசக்தி நாடுகளில் ஒன்று ஏழு ஆண்டுகள் தன் கடற்படையின் தலைக்கப்பலை இரவல் விசிறியில் ஓட்டியது.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. பிரான்ஸ் சார்ல் த கோலுக்கென்று தனி உலை வடிவமைக்கவில்லை. ஏவுகணை நீர்மூழ்கிகளில் வைக்கும் கே-15 உலைகளில் இரண்டை எடுத்துக் கப்பலில் பொருத்தியது. இதனால் கப்பலின் வேகம் குறைந்தது. அதற்கு முன்பிருந்த கிளெமான்சோ 32 கடல்மைல் ஓடியது என்பதால் இதைக் குறையாகச் சொன்னவர்கள் பலர். என் பார்வையில் அந்தத் திட்டத்தின் மிகப் புத்திசாலித்தனமான முடிவே அதுதான். உலையின் பம்பு, வால்வு, நீராவிக்கலன் எல்லாவற்றையும் நீர்மூழ்கிகளோடு பங்கிட்டுக்கொண்டதால் ஒரே ஒரு கப்பலுக்காக ஒரு தொழிற்சாலையை உயிரோடு வைத்திருக்கும் நிலை பிரான்ஸுக்கு வரவில்லை. சிக்கல் எங்கே முளைத்தது என்று பாருங்கள்: பங்கிட்டுக்கொண்ட உலையில் இல்லை, அந்தக் கப்பலுக்கென்றே தனியாக வார்த்த விசிறியில்.

ஆனாலும் ஒற்றைக் கப்பலின் துன்பம் பிரான்ஸை விடவில்லை. உலையில் எரிபொருள் மாற்ற 2007 முதல் 2008 வரையிலும், மறுபடி 2017 முதல் 2018 வரையிலும் கப்பல் தளத்தில் ஏறி நின்றது. ஒவ்வொரு முறையும் ஓராண்டுக்கு மேல் பிரெஞ்சுக் கடற்படையிடம் ஒரு விமானந்தாங்கிகூட இல்லை.

ஒன்றே ஒன்று வைத்திருப்பதால்தான் இந்தத் தொல்லை, பத்து வைத்திருந்தால் வராது என்று நினைக்கலாம். அமெரிக்கா அந்த நினைப்பையும் பொய்யாக்குகிறது. நிமிட்ஸ் வகையில் மட்டும் பத்துக் கப்பல்கள் கட்டிய நாடு அது. 2,000க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அங்கே விமானந்தாங்கிகளுக்குப் பொருள் தருகின்றன. ஆனால் அணு விமானந்தாங்கியைக் கட்டவும், ஆயுளில் பாதியில் எரிபொருள் மாற்றிச் செப்பனிடவும் நியூபோர்ட் நியூஸ் என்ற ஒரே ஒரு தளம்தான் இருக்கிறது. ‘ஜார்ஜ் வாஷிங்டன்’ கப்பல் அங்கே 2017 ஆகஸ்டில் நுழைந்து 2023 மே மாதம் வெளியே வந்தது. நான்காண்டுப் பணி என்று திட்டமிட்டது ஏறத்தாழ ஆறாண்டானது. ‘ஜெரால்டு ஃபோர்டு’ 2017 ஜூலையில் படையில் சேர்ந்தபோது அதன் 11 ஆயுத மின்தூக்கிகளில் ஒன்றுகூட முடிந்திருக்கவில்லை; கடைசி மின்தூக்கி ஒப்படைக்கப்பட்டது 2021 டிசம்பரில். இடையில் பாகம் கிடைக்காமல், கட்டிக்கொண்டிருந்த அடுத்த கப்பலான ‘ஜான் எஃப். கென்னடி’யிலிருந்து பிடுங்கி ஃபோர்டில் மாட்டினார்கள். பணம் இல்லாமல் இப்படி நடக்கவில்லை. பாகங்கள் எண்ணிக்கையில் குறைவு, தயாரிப்பவர்கள் அதைவிடக் குறைவு, உபரியாகச் செய்து அலமாரியில் வைக்க யாரும் பணம் ஒதுக்கவில்லை.

இவை எல்லாவற்றையும்விடக் கைலாசபுரம் கூர்ந்து படிக்க வேண்டிய செய்திகள் இரண்டு. நியூபோர்ட் நியூஸ் தளத்தில் சில வெல்டர்கள் வகுத்த முறைப்படி பற்றவைக்கவில்லை என்பது 2024 செப்டம்பரில் வெளியானது. நீர்மூழ்கிகளும் விமானந்தாங்கிகளும் அந்த விசாரணைக்குள் வந்தன. அதற்கு முன், வாஷிங்டன் மாநிலத்தின் டக்கோமாவிலுள்ள ஒரு வார்ப்பாலையில் கடற்படை நீர்மூழ்கிகளுக்கான எஃகு வார்ப்புகளின் வலிமைச் சோதனை முடிவுகள் 1985 முதல் 2017 வரை திருத்தி எழுதப்பட்டது வழக்காகி, குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தாள்களை எல்லோரும் நம்பினார்கள். அணுக்கப்பலின் உதிரிப் பாகத்துக்குப் பாதி மதிப்பை அதோடு வரும் சான்றிதழ்தான் தருகிறது. சான்றிதழ் பொய்யானால் பாகம் உடைந்த பிறகுதான் தெரியும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு எழுந்து 1965இல் உற்பத்தி தொடங்கிய திருச்சி பெல் ஆலை அனல்மின் பாய்லர்களால் பெயர் பெற்றது. அணுசக்தியோடு அதற்குள்ள உறவை வெளியூர்க்காரர்கள் குறைவாகவே அறிவார்கள். நம் கனநீர் அணுமின் நிலையங்களுக்கான ஸ்டீம் ஜெனரேட்டர்கள் இங்கே உருவாகின்றன. 220 மெகாவாட் வகையில் தொடங்கி 700 மெகாவாட் வகை வரை வந்திருக்கிறது. அந்தக் கலனுக்குள் யு வடிவக் குழாய்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். உலையிலிருந்து வரும் கதிரியக்கமுள்ள நீர் குழாய்க்குள் ஓடும். வெளியே உள்ள சாதாரண நீர் அதன் சூட்டை வாங்கி ஆவியாகும். ஒவ்வொரு குழாயின் இரு முனையும் தடித்த தகட்டில் பற்றவைக்கப்பட வேண்டும். ஒன்றில் ஊசித்துளை இருந்தாலும் கதிரியக்கம் சுழலியின் பக்கம் கசியும். தூசு புகாத அறையில், ஒவ்வொரு பற்றவைப்பையும் ஆய்ந்து ஆய்ந்து முடிக்க வேண்டிய வேலை.

கப்பல் உலையிலும் ஸ்டீம் ஜெனரேட்டரின் அடிப்படை இதேதான். ஆகையால் ‘நம்மால் முடியுமா’ என்ற கேள்விக்கு, நீராவிப் பகுதியைப் பொறுத்தவரை விடை ஏற்கெனவே செய்துகாட்டப்பட்டது. இதோடு 1975 முதல் இயங்கும் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் இதே வளாகத்தில் இருக்கிறது. துவாக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. துப்பாக்கித் தொழிற்சாலை கடற்படைக்கும் கடலோரக் காவல்படைக்கும் 12.7 மில்லிமீட்டர் தொலைவியக்கத் துப்பாக்கி செய்கிறது. பாகம் கிடைக்காத இயந்திரத்தை உயிர்ப்பிக்கும் கலைக்குப் பொன்மலைப் பணிமனையைச் சொல்ல வேண்டும்: சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் பிறந்த நீலகிரி மலை ரயில் எஞ்சின் வகையை 2011 முதல் இங்கேயே புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். மூல உற்பத்தியாளர் போனபின்பும் இயந்திரத்தை விடாத மரபு இந்த மாவட்டத்தில் இருக்கிறது. சார்ல் த கோலின் விசிறிக் கதையை வைத்துப் பார்த்தால் இது சிறிய தகுதியல்ல.

தகுதி எங்கே நிற்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கைகா அல்லது கக்ராபாரில் நிற்கும் உலை அசையாது. இடத்துக்குப் பஞ்சம் இல்லை. கப்பலில் அதே கலன் மிகச் சிறிய இடத்துக்குள் அடங்க வேண்டும். அலையின் ஆட்டத்தையும், நீருக்கடியில் வெடிக்கும் குண்டின் அதிர்ச்சியையும் தாங்க வேண்டும். பெரிய கடலில் கோளாறு வந்தால் கப்பலிலுள்ளவர்களே சரிசெய்யும்படி இருக்க வேண்டும். கரையில் தேர்ந்த வடிவமைப்பு கடலில் தானாகத் தேறாது. அந்த அனுபவம் இந்தியாவில் கல்பாக்கத்தின் மாதிரி உலையிலும், 2016இல் படையில் சேர்ந்த அரிகந்திலும், 2024 ஆகஸ்ட் 29 அன்று சேர்ந்த அரிகாட்டிலும்தான் சேர்ந்திருக்கிறது. அரிகந்தின் உலை 83 மெகாவாட் வகை. கப்பல் சுமார் 6,000 டன். நிமிட்ஸ் வகையில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 550 மெகாவாட் வெப்பத்திறன் கொண்ட இரண்டு உலைகள். இடையிலுள்ள தூரத்தை ஒரே தாவலில் கடக்கலாம் என்பவர்கள், புதிய உலையோடு புதிய உதிரிப் பாகப் பட்டியல் முழுவதும் சேர்ந்தே பிறக்க வேண்டும் என்பதைச் சொல்வதில்லை.

எதிர்த்தரப்பின் வாதங்களில் இரண்டு கனமானவை. கனமான போர்விமானத்தை ஏவ மின்காந்தப் பொறி வேண்டும். அந்தப் பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை அணு உலைதான் தர முடியும் என்பது முதலாவது. 2025 நவம்பரில் சீனா இதை முடித்துவைத்தது. அப்போது படையில் சேர்ந்த ஃபூஜியான் 80,000 டன் வகைக் கப்பல். மின்காந்தப் பொறி பொருத்தியது. ஆனால் அணு உலை இல்லாதது. பொறிக்கும் உலைக்கும் கட்டாய முடிச்சு இல்லை என்றாகிவிட்டது.

மற்ற வாதத்தை அப்படி எளிதில் தள்ள முடியாது. கேட்டால்தான் திறமை வளரும், ஆர்டர் வந்தால்தான் ஆலை எழும் என்கிறார்கள். இதற்கு நல்ல சான்றும் உண்டு. விக்ராந்துக்கு வேண்டிய எஃகு ரஷ்யாவிலிருந்து வருவது தடைப்பட்டபோதுதான் ஐதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகமும் செயில் நிறுவனமும் சேர்ந்து டி.எம்.ஆர். 249 என்ற எஃகைக் கொண்டுவந்தன. இன்று நம் போர்க்கப்பல்கள் அந்த எஃகில்தான் கட்டப்படுகின்றன. தேவை நெருக்கியது, திறமை பிறந்தது. ஆனால் அந்த எஃகு ஏன் நிலைத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விக்ராந்தோடு அது முடியவில்லை. பின்வந்த கப்பல்கள் ஒவ்வொன்றும் அதையே கேட்டன, அதனால் உலை அணையவில்லை. ஒரே ஒரு அணு விமானந்தாங்கிக்காகச் செய்யும் முதன்மைக் குளிர்விப்புப் பம்புக்கு அடுத்த ஆர்டர் எப்போது வரும்? இருபது ஆண்டு கழித்து. அதற்குள் அதைச் செய்த கைகள் ஓய்வுபெற்றிருக்கும். வரைபடம் இருக்கும், கைப்பழக்கம் போயிருக்கும். எனவே இந்த வாதம் என்னை அணு விமானந்தாங்கியின் பக்கம் இழுக்கவில்லை. தொடர்ச்சியாக ஆர்டர் தரும் எதுவோ அதன் பக்கமே இழுக்கிறது.

அது என்ன என்று தேட வெகுதூரம் போக வேண்டாம். நம்மிடம் உள்ள கப்பல்களின் நிலையே போதும். சி.ஏ.ஜி. 2016இல் வெளியிட்ட அறிக்கையின்படி, விக்ரமாதித்யாவின் மிக்-29கே விமானங்களில் பறக்கத் தயார் நிலையில் இருந்தவை 15.93 முதல் 37.63 சதவீதம் வரைதான். இரட்டை எஞ்சின் விமானமான அதன் 40 எஞ்சின்கள் வடிவமைப்புக் கோளாறுகளால் விலக்கப்பட்டன. மொத்தத்தில் 62 சதவீதம். பல ஆயிரம் கோடி கொடுத்து வாங்கிய கப்பலின் மேல்தளத்தில் பெரும்பாலான விமானங்கள் நின்றுகொண்டிருந்தன என்பதுதான் இதன் பொருள். 1971 போரிலும் இதே கதைதான்: பழைய விக்ராந்தின் நான்கு பாய்லர்களில் ஒன்றில் விரிசல். வேகம் குறைந்த கப்பலோடுதான் நம்மவர்கள் வங்கக்கடலுக்குப் போனார்கள், காக்ஸ் பஜாரைத் தாக்கினார்கள். அவர்களுடைய துணிவைக் கொண்டாடுகிறோம். அந்த நிலைக்கு அவர்களைத் தள்ளிய உதிரிப் பாகப் பஞ்சத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

2025 ஏப்ரலில் 26 ரஃபேல் கடற்படை விமானங்களுக்குப் பிரான்ஸோடு ஒப்பந்தமானபோது பராமரிப்பும் உதிரியும் அதற்குள்ளேயே சேர்க்கப்பட்டன. மிக் அனுபவத்திலிருந்து கற்ற பாடம் என்றே அதைக் கொள்கிறேன். 2024 நவம்பரில் விக்ரமாதித்யாவின் சீரமைப்புக்காகக் கொச்சி கப்பல்கட்டுந்தளத்துக்கு 1,207 கோடி ரூபாய் ஒப்பந்தம் தரப்பட்டது. இந்த ஆர்டர்கள் கண்ணெதிரே இருப்பவை. எட்டு பாய்லர்களும் அவற்றின் குழாய், வால்வு, காப்புப் பொருள் யாவும் இன்னும் பல ஆண்டுகளுக்குத் தேவைப்படும். அதே நேரத்தில் நீர்மூழ்கிகளின் வரிசை வளர்கிறது: அரிகந்த் வகையில் அடுத்தடுத்த கப்பல்கள், அதற்குப்பின் 2024 அக்டோபரில் ஒப்புதல் பெற்ற இரண்டு அணுசக்தித் தாக்குதல் நீர்மூழ்கிகள். கப்பல் உலைக்கான தொடர் தேவை இந்தியாவில் எங்காவது பிறக்கும் என்றால் இங்கேதான்.

இந்தத் தேவை துவாக்குடிப் பட்டறைக்கு எப்படி வந்துசேர்கிறது என்பதில்தான் எல்லாம் தடுக்கிறது. சிட்கோ தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றிலும் நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் பெல்லை நம்பி எழுந்தவை. அனல்மின் ஆர்டர் சரிந்த ஆண்டுகளில் பல நலிந்தன, சில பூட்டின. தேர்ந்த வெல்டர்கள் வளைகுடாவுக்குப் போனார்கள். அவர்களிடம் கைத்திறன் இருந்தது, இருக்கிறது. அணுத்தரப் பாகத்துக்கு அதற்கு மேலும் ஒன்று வேண்டும்: ஒவ்வொரு துண்டும் எந்த உருக்கு வார்ப்பில் பிறந்தது என்று காட்டும் ஹீட் நம்பர் முதல், யார் பற்றவைத்தார், எந்தக் கம்பியில், எக்ஸ்ரே படத்தில் என்ன தெரிந்தது என்பதுவரை நாற்பது ஆண்டுக்குக் காக்கப்படும் பதிவு. இந்தப் பதிவுக்கு ஆள் வேண்டும், கருவி வேண்டும், செலவு உண்டு. நான்கு வால்வுக்கு ஒருமுறை டெண்டர் விட்டு, எல்-1 என்ற மிகக் குறைந்த விலைக்கு இறக்கி, பணத்தையும் மாதக்கணக்கில் தள்ளினால் எந்தப் பட்டறை இந்தச் செலவைத் தாங்கும்? சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. அதை மீறும் இடத்தில் முதலில் வெட்டப்படுவது தரச்சோதனைச் செலவுதான். டக்கோமாவில் நடந்தது துவாக்குடியில் நடக்காமலிருக்க நல்லெண்ணம் போதாது. நேர்மையாகச் சோதிப்பவனுக்குக் கட்டுப்படியாகும் விலை வேண்டும்.

இறக்குமதியாகும் பாகங்களைப் பட்டியலிட்டு உள்ளூர்த் தொழிலை அழைக்கும் ‘ஸ்ரீஜன்’ முயற்சி 2020இல் தொடங்கியது. நல்ல முயற்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் பட்டியல் ஆர்டர் ஆகாது. எத்தனை ஆண்டுக்கு, ஆண்டுக்கு எத்தனை, சோதனைச் செலவு யாருடையது என்ற மூன்றுக்கும் விடை இல்லாமல் எந்த வங்கியும் கடன் தராது.

ஆகவே என் தீர்ப்பு இது. கைலாசபுரத்துக்கு அணுக்கப்பலின் நீராவிப் பகுதியில் பெரும்பங்கைச் செய்யும் தகுதி உண்டு. அதை ஐயுறுபவர்கள் 700 மெகாவாட் கலனைப் போய்ப் பார்க்கட்டும். அணுசக்தி விமானந்தாங்கியை இந்தியா இப்போது கட்டத் தொடங்குவது தவறு. அது மிச்சப்படுத்துவது கப்பலின் எரிபொருளை மட்டும்; அது கேட்பதோ ஒற்றைக் கப்பலுக்கான முழு உதிரிப் பாகத் தொழிலை. இருக்கும் விமானங்களையே தயார் நிலையில் வைக்கத் திணறிய நாம் அந்தச் சுமையை ஏற்கும் நிலையில் இல்லை. நீர்மூழ்கி உலைகள் வரிசையாக வந்து, ஒவ்வொரு முக்கியப் பாகத்துக்கும் குறைந்தது இரண்டு தயாரிப்பாளர்கள் நிலைத்தபின், அதே உலையை விமானந்தாங்கிக்கு எடுக்கும் நாள் வந்தால் அப்போது அதை நானே ஆதரிப்பேன். வேகம் இரண்டு கடல்மைல் குறைந்தாலும் பரவாயில்லை.

வழித்தடத்தை நடத்துவோரிடமும், பெல் நிர்வாகத்திடமும், திருச்சியின் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் கேட்க வேண்டியது இப்போது ஒன்றுதான். விக்ரமாதித்யாவின் பாய்லர் பாகங்களுக்கும் நீர்மூழ்கிகளின் நீராவிப் பாகங்களுக்கும் பத்தாண்டு விலை ஒப்பந்தம் வாங்கித் தாருங்கள். சோதனைச் செலவைத் தனியாகக் கொடுங்கள். 45 நாளில் பணம் கொடுங்கள். அதைச் செய்துகாட்டாமல் அணு விமானந்தாங்கி வரப்போகிறது என்று துவாக்குடிப் பட்டறைக்காரர்களுக்கு ஆசை காட்டாதீர்கள்.